எல்லாக் கூடாரத்திலும் இருந்த நாய்

எங்கள் பள்ளத்தாக்கில் நாய் மலத்தை மரியாதையோடு கையாளத் தெரிந்த ஒரே மனிதர் மூநொஹோய். மற்றவர்கள் மிதிப்பார்கள், திட்டுவார்கள், புல்லில் தேய்த்துவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் குதிரையிலிருந்து இறங்கிக் குனிந்து பார்ப்பார். இறுகலா இளகலா, இன்று காலையதா நேற்றையதா என்று ஆராய்வார். பிறகு குச்சியால் கொஞ்சம் எடுத்து டப்பாவில் போட்டு, இறுக்கி மூடி, அங்கியின் மார்பு மடிப்புக்குள் வைத்துக்கொள்வார். அந்த மடிப்பில்தான் எங்கள் ஆண்கள் மூக்குப்பொடிக் குப்பி வைத்திருப்பது. சந்தித்தால் குப்பியை எடுத்து நீட்டுவதுதான் மரியாதை. ஆகவே மூநொஹோய் மரியாதைக்காக மடிப்புக்குள் கையை விடும்போதெல்லாம், எதிரே நிற்பவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, என்ன வெளியே வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுவார்.

மூநொஹோய் என்றால் எங்கள் மொழியில் 'கெட்ட நாய்'. பட்டப்பெயர் என்று நினைத்துவிட வேண்டாம், பெற்றவள் வைத்த பெயர். அவருக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் ஒன்றும் தங்கவில்லை. அழகான பெயரெல்லாம் வைத்துப் பார்த்து ஏமாந்த தாய், இவர் பிறந்ததும் சாவையே ஏமாற்றத் துணிந்தாள். சாவு கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்து, "இங்கே பிள்ளை எதுவும் இல்லையே, ஒரு கெட்ட நாய்தானே கிடக்கிறது" என்று போய்விட்டதாம். எங்கள் பக்கத்தில் 'இது அல்ல', 'மனுஷன் அல்ல', 'பேரில்லை' என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு கௌரவமாக வாழ்கிறவர்கள் உண்டு. அதில் ஒருவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியராகக்கூட இருந்தார். ஆகவே பெயரால் அவருக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஒரு அரசாங்கக் காகிதம் வரும் வரை.

நாய்ப்புழுக் கண்காணிப்பு என்று ஒரு திட்டம் வந்தபோது, ஊர்த் தலைவர் ஷக்தார் கூட்டம் போட்டார். ஷக்தார் நல்லவர். எதையும் இரண்டு முறை சொல்வார், இரண்டாவது முறை இன்னும் தெளிவில்லாமல் சொல்வார். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஒவ்வொரு கூடாரத்து நாயின் மலமும் சேகரித்து நகரத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், யார் செய்கிறீர்கள் என்றார். எல்லோரும் திடீரென்று தங்கள் பூட்ஸைப் பார்க்கத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கிலேயே பெரிய மந்தைக்குச் சொந்தக்காரரான கொம்போசுரேன்தான் வாயைத் திறந்தார்.

"நாய் வேலைக்கு நாயையே போட்டுடுங்களேன், தலைவரே."

கூட்டம் சிரித்தது. மூநொஹோய் எழுந்து நின்றார். சண்டை வரப்போகிறது என்று நாங்கள் ஆசையாகக் காத்திருந்தோம்.

"சரி, நான் செய்யறேன்" என்றார்.

எங்களுக்கு ஏமாற்றம்தான். அவர் மனைவி தொல்கோர் அந்த வசந்தத்தில்தான் மாகாண ஆஸ்பத்திரியிலிருந்து வயிற்றில் தையலோடு திரும்பியிருந்தாள் என்பது சிரித்தபோது ஒருவருக்கும் நினைவில்லை. அவளுடைய ஈரலில் ஒரு நீர்க்கட்டி வளர்ந்திருந்தது. டாக்டர் அதை ஒரு பேசினில் வைத்து வராந்தாவுக்குக் கொண்டுவந்து காட்டினாராம். வெள்ளையாக, தோல் உரித்த முட்டை போல, ஆனால் குழந்தைத் தலை அளவில். மூநொஹோய்க்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் ஆடு அறுத்திருக்கிறார். ஆட்டின் நுரையீரலில், ஈரலில் அதே வெள்ளை முட்டைகளைப் பார்த்திருக்கிறார். 'கெட்டது' என்று அறுத்தெடுத்து, வழக்கம்போல நாய்க்கு எறிந்திருக்கிறார்.

புழுவின் வாழ்க்கை அவ்வளவு எளிமையானது. கட்டி உள்ள ஈரலை நாய் தின்னும். நாயின் குடலில் அரிசி மணியைவிடச் சிறிய நாடாப்புழு ஆயிரக்கணக்கில் குடியேறும். அதன் முட்டை மலத்தோடு வந்து, புல் வழியாக ஆட்டுக்குள் போகும். நாயின் ரோமத்தில் ஒட்டி, தடவுகிற கை வழியாக நமக்குள்ளும் போகும். ஆட்டுக்கும் நமக்கும் கட்டி. நாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகாது. வாலை ஆட்டிக்கொண்டு கொழுகொழுவென்று இருக்கும். இந்தக் கடைசி விஷயம்தான் மூநொஹோயின் பிழைப்பைக் கெடுத்தது. எங்களிடம் வந்து, ஓநாயைத் துரத்துகிற, கண் மினுமினுக்கிற நாயைக் காட்டி, "இதுக்கு நோய்" என்றால் யார் நம்புவார்கள்?

வேலையில் வேறொரு சிக்கலும் இருந்தது. எங்கள் நாய்கள் கட்டிப்போட்டவை அல்ல. ஒரு கூடாரத்தில் காவல் காக்கும், இன்னொன்றில் சாப்பிடும், மூன்றாவதில் காதலிக்கும். தரையில் கிடப்பது யாருடைய நாயினுடையது என்று எப்படிச் சொல்வது? மூநொஹோய் ஒரு வழி கண்டுபிடித்தார். குன்றின் மேல் குப்புறப் படுத்து, பைனாகுலரில் ஒரு நாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அது எப்போது இடுப்பை வளைத்து உட்காருகிறதோ, அப்போது குதிரையைத் தட்டிவிட்டு இறங்குவார்.

பைனாகுலர் இல்லாத மேய்ப்பன் எங்களில் கிடையாது. மேய்கிற குதிரையைப் பார்க்கத்தான் வாங்குவது, பக்கத்துக் கூடாரத்துக்கு யார் வந்து போகிறார்கள் என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். ஆகவே இவர் குன்றில் படுத்திருப்பது பெரிய பதற்றத்தை உண்டாக்கியது. யாரோ நகரத்திலிருந்து ஒற்றுப் பார்க்க வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கட்சி. குதிரைப்பால் புளித்துப் போதை ஏறுகிற காலத்தில் யார் யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார் என்று இன்னொரு கட்சி. கடைசியில் ஆர்வம் தாங்காமல் ஷக்தாரே ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஏம்ப்பா, நேத்து சாயங்காலம் அந்த விதவை கூடாரத்துக்கு யாரோ வந்துட்டுப் போனாங்களாமே?"

"ஆமா. ரெண்டு பேரு."

"யாரு, யாரு?"

"ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செம்பட்டை. செம்பட்டைக்கு வயித்துப்போக்கு."

தொல்கோருக்கும் இதில் நிம்மதி கிடையாது. எங்கள் பக்கத்தில் கூடாரத்தை நெருங்கும்போது தூரத்திலிருந்தே "நாயைப் பிடிங்க!" என்று குரல் கொடுப்பதுதான் கதவைத் தட்டுவது. மூநொஹோய் வீடு திரும்பும்போது பழக்கதோஷத்தில் தன் கூடாரத்தின் முன்னும் அதையே கத்துவார். உள்ளேயிருந்து அவள் கத்துவாள்: "பிடிச்சு முப்பது வருஷம் ஆச்சு, வந்து தொலை!"

இனி அந்தக் காகிதம். முதல் சில வருடங்கள் மாட்டு டாக்டரம்மா ஸோல்ஜர்கல் தானே டப்பாக்களை வாங்கி, ஒழுங்காகச் சீட்டு ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த இலையுதிர் காலத்தில் மாடுகளுக்குக் கோமாரி வந்துவிட்டது. அவர் ஊசியோடு இன்னொரு பள்ளத்தாக்கில் இருந்தார். "சீட்டை நீங்களே எழுதி லாரியில ஏத்தி விட்டுருங்க அண்ணே. முதல்ல வீட்டுக்காரர் பேரு, அப்புறம் நாய் பேரு" என்று போனில் சொன்னார். போனில் காற்று இரைந்துகொண்டிருந்தது. மூநொஹோய்க்கு 'முதல்ல வீட்டுக்காரர் பேரு' வரைக்கும்தான் கேட்டது. அதற்கப்புறம் என்னவாக இருக்கும்? வேலை செய்தவன் பெயர்தான் என்று தீர்மானித்தார். அவருக்கு அதில் ஒரு கௌரவமும் இருந்தது.

ஆகவே ஒவ்வொரு டப்பாவிலும் எழுதினார்: ஷக்தாருடைய, மூநொஹோய். கொம்போசுரேனுடைய, மூநொஹோய். இப்படியே கடைசிக் கூடாரம் வரைக்கும்.

நகரத்துச் சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி. நகரத்தில் பிறந்து வளர்ந்தவள், அவள் தலைமுறைக்காரர்களின் பெயரெல்லாம் ரத்தினமும் மலரும்தான். 'ஷக்தாருடைய கெட்ட நாய்' என்று படித்தாள், சரியாகத்தான் இருந்தது. அடுத்ததும் கெட்ட நாய். அதற்கடுத்ததும். ஒரே பள்ளத்தாக்கில் எல்லோரும் தங்கள் நாய்க்கு ஒரே பெயர் வைப்பார்களா என்று யோசித்தாள். புத்திசாலிப் பெண். நியாயமான முடிவுக்கு வந்தாள்.

ஷக்தார் கூட்டத்தில் காகிதத்தை விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "மேற்படி பள்ளத்தாக்கில் மூநொஹோய் என்னும் ஒரே நாய், எல்லாக் கூடாரங்களிலும் திரிந்து வருவது தெரியவருகிறது. அதன் மலத்தில் புழு இருப்பது உறுதி செய்யப்பட்டுள்ளது. ஆகவே ஒரு நாய்க்கு உண்டான மாத்திரை அனுமதிக்கப்படுகிறது. அந்த நாய் எந்தக் கூடாரத்தில் காணப்பட்டாலும் அங்கேயே பிடித்துக் கட்டி மாத்திரை கொடுக்கவும். பிடிபட மறுத்தால் சுட்டுவிடவும்."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. அரசாங்கக் காகிதத்தின் மேல் எங்களுக்கு உள்ள மரியாதை அப்படி. ஷக்தார் வழக்கப்படி இரண்டாவது முறை படித்தபோதுதான் கூடாரம் அதிர்ந்தது.

"பிடிபட்டுரு மூநொஹோய், குடும்பஸ்தன் நீ!"

"எல்லாக் கூடாரத்துலயும் திரியறாராம், தொல்கோர் அக்கா, கேட்டீங்களா?"

கொம்போசுரேன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு மாத்திரைதானே? வாயைத் திற, நானே போட்டு விடறேன்."

மூநொஹோய் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஒரு நாய்க்கு மட்டுமா மாத்திரை?"

எங்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் அப்போது புரியவில்லை. அவர் மனதில் ஓடியது இதுதான். இன்னும் சில வாரங்களில் குளிர் இறங்கும். குளிர்காலத்துக்கான இறைச்சிக்கு எல்லாக் கூடாரங்களிலும் ஒரே சமயத்தில் ஆடு மாடு அறுப்பார்கள். ஈரலும் நுரையீரலும் நாய்களுக்குப் பறக்கும். பிறகு எல்லோரும் மலைமடிப்புகளில் குளிர்கால இடங்களுக்குச் சிதறிவிடுவார்கள். வயிற்றில் புழுவோடு நாய்களும் அவர்களோடு ஒரே கம்பளத்தில் படுத்துக்கொள்ளும். அப்படிச் சிதறுவதற்குள் மாத்திரை கொடுத்தால்தான் உண்டு.

மறுநாள் வட்டார ஆபீசுக்குப் போனார். அங்கே அவரை மரியாதையாக நடத்தினார்கள், குறை சொல்ல முடியாது. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மிகவும் வருத்தப்பட்டார்.

"தப்பு நடந்திருக்கு, ஒத்துக்கறேன். ஆனா முடிவை மாத்தணும்னா மறுபடி மலம் எடுத்து அனுப்பணும், அவங்க மறுபடி பார்க்கணும். வசந்தத்துல ஆகிடும்."

"வசந்தத்துல நாய்ங்க எல்லாம் ஈரல் தின்னு முடிச்சிருக்கும், ஐயா."

"அப்போ நீங்க ஒரு மனு கொடுங்க. 'நான் நாய் இல்லை'ன்னு."

"கொடுத்தா?"

"அந்த நாய் இல்லைன்னு ஆயிடும். இல்லாத நாய்க்கு மாத்திரை எதுக்கு? அதையும் ரத்து பண்ணிருவோம்."

மூநொஹோய் தன் நிலையை நன்றாக யோசித்தார். மனுஷன் என்று நிரூபித்தால் ஒரு மாத்திரையும் கிடையாது. நாயாக இருந்தால் ஒன்றாவது உண்டு. நாயாகவே வீடு திரும்பினார்.

தொல்கோர் உப்புப் போட்ட பால்தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடிக்காமல் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். அவள் அடுப்பில் சாணி வறட்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் காகிதத்துல என்ன போட்டிருந்தான்? எந்தக் கூடாரத்துல காணப்பட்டாலும்னா?"

"ஆமா. அங்கேயே பிடிச்சுக் கட்டி மாத்திரை கொடுக்கணும்னு."

"அப்போ காணப்பட்டுட்டுப் போயேன்."

"என்னது?"

"எல்லா வீட்டு நாய்க்கும் ஒரு நாளைக்கு உன் பேரை வெச்சா என்ன? இந்தக் கூடாரத்துல மூநொஹோய் காணப்பட்டுது, மாத்திரை போட்டாச்சு. அடுத்த கூடாரத்துலயும் காணப்பட்டுது, மாத்திரை போட்டாச்சு. அது திரியற நாய்னு அவங்களே எழுதியிருக்காங்களே."

டாக்டரம்மா ஸோல்ஜர்கல் போனில் இதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை. காற்றுதான் என்று மூநொஹோய் நினைத்தார். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"மாத்திரை அலமாரியில நிறைய இருக்கு அண்ணே. உத்தரவு இல்லாம எடுக்கத்தான் முடியாது. உத்தரவுல இடம் இருக்குன்னா எடுத்துருவேன். ஆனா ஒரு நிபந்தனை. யாராவது வந்து விசாரிச்சா, வீட்டுக்காரர் வாயால 'இதுதான் மூநொஹோய்'னு சொல்லணும். அதுக்கு நீங்க பொறுப்பு."

இப்படித்தான் எங்கள் பள்ளத்தாக்கின் வரலாற்றில் மிகப் பெரிய பெயர்சூட்டு விழா தொடங்கியது. ஊர்த் தலைவர் என்ற முறையில் ஷக்தார் முதலில் தன் நாயை முன்னே நிறுத்தினார். அதன் பெயர் ஹஸார். "இது மூநொஹோய்" என்றார். பிறகு சந்தேகம் வந்து, "இதுதானே மூநொஹோய்?" என்று நாயிடமே கேட்டார். நாங்களும் எங்கள் நாய்களுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தோம். மாட்டேன் என்று சொல்ல எங்களுக்கு ஆசைதான். ஆனால் அரசாங்கத்தை அரசாங்கக் காகிதத்தாலேயே ஏமாற்றும் வாய்ப்பு எத்தனை முறை வரும்? புழுவை நம்பாதவர்கள்கூட அந்த ஒரு காரணத்துக்காகவே வரிசையில் நின்றார்கள். மனித குலத்தின் ஆரோக்கியம் எந்தெந்த வழியிலெல்லாம் முன்னேறுகிறது பாருங்கள்.

மாத்திரையை ஆட்டுவால் கொழுப்பில் பொதிந்து கொடுத்து, நாயைக் கட்டிவைத்து, அது வெளியேற்றுவதை எல்லாம் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். இரண்டு நாள். இனி அறுக்கும்போது கட்டி உள்ள ஈரலையும் நாய்க்கு எறியாமல் புதைப்பதாக மூநொஹோய் ஒவ்வொரு கூடாரத்திலும் வாக்கு வாங்கிக்கொண்டார். கட்டிப் பழக்கமில்லாத நாய்கள் பள்ளத்தாக்கு முழுக்க ஊளையிட்டன. யாராவது, "சும்மா இரு, மூநொஹோய்!" என்று அதட்டினால், எந்த நாயும் அடங்கவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்த மூநொஹோய் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

கடைசியில் நின்றது கொம்போசுரேனின் கூடாரம். அங்கேதான் விஷயமே இருந்தது. ஆடு அறுக்கும் காலத்தில் அதிகம் அறுப்பது அவர்தான். எங்கள் நாய்களெல்லாம் விருந்துக்கு அங்கேதான் போகும். அவருடைய நாய் அர்ஸ்லான், சிங்கம் என்று அர்த்தம், எங்கள் நாய்களின் தலைவன். அது ஒன்று விட்டுப்போனால், அதன் புழு முட்டை எல்லோருடைய புல்லிலும் விழும், மற்ற எல்லா மாத்திரையும் தண்ணீரில் போட்ட மாதிரி.

மூநொஹோய் போனபோது அர்ஸ்லான் வாசலில் படுத்திருந்தது. அதன் முதுகில் கொம்போசுரேனின் பேத்தி குதிரையேறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடரி ரோமத்தைப் பற்றிக்கொண்டிருந்தாள். அவ்வப்போது ஒரு கையை விடுவித்து, காய்ந்த தயிர்க்கட்டியை வாயில் வைத்துச் சூப்பிவிட்டு, மறுபடி ரோமத்தைப் பிடித்தாள்.

"நாய் பேர் என்ன, அண்ணே?" என்று மூநொஹோய் முறைப்படி கேட்டார்.

"அர்ஸ்லான். உனக்குத் தெரியாதா?"

"அந்தப் பேருக்கு மாத்திரை வரல."

"வேண்டாம். ரெண்டு ஓநாயைக் கழுத்தைக் கவ்வித் தூக்கின நாய்டா இது. மூணு வட்டாரத்துல இதோட குட்டி இருக்கு. இதைப் போய் நான் கெட்ட நாய்னு கூப்பிடணுமா? உன் பேரை வெச்சு?"

"நான் அம்பது வருஷமா வெச்சிருக்கேன். ஒண்ணும் கடிக்கல."

கொம்போசுரேன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். "அதுக்கு என்னடா குறை? நீயே சொல்லு. பார்த்தா நோய் மாதிரி இருக்கா?"

"அதுக்கு ஒண்ணும் வராது. அது நல்லா இருக்கும்."

"அப்புறம் என்ன?"

மூநொஹோய் தயிர்க்கட்டியைச் சூப்பிக்கொண்டிருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொம்போசுரேனும் அந்தப் பக்கம் பார்த்தார். அவள் கையை நாயின் முதுகில் துடைத்தாள், மறுபடி வாயில் வைத்தாள்.

"தொல்கோருக்கு எடுத்தாங்களே, அது எவ்வளவு பெருசுன்னு சொன்னே?" என்று கொம்போசுரேன் கேட்டார். குரல் மாறியிருந்தது.

மூநொஹோய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிறகு, குழந்தையின் தலைமேல் அந்த அளவை வைத்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை என்று தோன்றியதோ என்னவோ, கையைக் கீழே போட்டுவிட்டார்.

"சத்தமா சொன்னா மந்தையில இருக்கற என் பசங்க காதுல விழும். ஆயுசுக்கும் சிரிப்பானுங்க" என்றார் கொம்போசுரேன்.

"சத்தமா எதுக்கு? பொறந்த குழந்தைக்குப் பேரு வெக்கறப்போ எப்படிச் சொல்வோம்? அப்படிச் சொல்லுங்க."

பள்ளத்தாக்கிலேயே பெரிய மந்தைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார். பேத்தியைத் தூக்கி ஒரு பக்கம் நிறுத்தினார். அர்ஸ்லானின் காதைத் தூக்கி, அதற்குள் உதட்டை வைத்து, எங்கள் முறைப்படி 'மூநொஹோய்' என்று மூன்று தடவை சொன்னார். அந்த நேரத்தில் மூநொஹோய் மரியாதைக்காக முதுகைத் திருப்பிக்கொண்டு, அங்கே இல்லாத ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேர் சூட்டப்பட்டவன் காதை உதறிக்கொண்டு, கொழுப்பை மாத்திரையோடு ஒரே விழுங்காக விழுங்கினான்.

"இனிமே இதை எப்படிடா கூப்பிடறது?"

"உங்க இஷ்டம்."

"குழி யாரு தோண்டறது?"

"உங்க நாய், அண்ணே."

"உன் பேரு."

 நியாயமான வழக்கு, இரண்டு பக்கமும் சட்டம் இருந்தது. மூநொஹோய்தான் மண்வெட்டியை எடுத்தார். நிலம் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தது. இரண்டு வெட்டு வெட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கொம்போசுரேன் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவள் திமிறத் திமிற, கூடாரத்துக்குப் பின்னால் தண்ணீர் டிரம் இருந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பிறகு அங்கிருந்து சத்தம் வந்தது. "கையைக் காட்டு. இன்னொண்ணையும் காட்டு. விரலை விரி. விரிங்கறேன்ல!"